வீட்டோடு கடை: வருமான வரிக் கணக்கில் கழிக்கக் கூடியவையும் கூடாதவையும்



உத்திரமேரூரிலும் சுற்றியுள்ள கிராமங்களிலும் மளிகை வியாபாரம் செய்யும் நம்மில் பலருக்கு வீடு வேறு, கடை வேறு என்பது கிடையாது. தெருப் பக்கம் கடை. அதற்குப் பின்னால் சரக்கு அறை. அதற்கும் பின்னால் குடித்தனம். இரவு ஷட்டரை இறக்கிய பிறகு கூடத்தில் உட்கார்ந்துதான் சிட்டையைப் பேரேட்டில் ஏற்றுகிறோம். மிளகாய் மூட்டையும் வெல்லக் கூடையும் வந்து இறங்கினால் வீட்டு நடையில்தான் அடுக்குகிறோம். ஆக, நம் வீட்டில் ஒரு பகுதி நமக்காக நாள் முழுவதும் உழைக்கிறது.

ஆனால் ஆண்டு முடிந்து ஆடிட்டரிடம் கணக்குக் கொடுக்கும்போது இரண்டு வகையான தவறுகள் நடக்கின்றன. வீட்டுச் செலவு வீட்டோடு என்று எதையுமே எழுதாமல் விட்டுவிடுவது ஒரு வகை. வீட்டு வரி, வெள்ளையடிப்பு, கேபிள் கட்டணம் வரை எல்லாவற்றையும் கடைச் செலவில் ஏற்றிவிடுவது இன்னொரு வகை. முன்னது நமக்கு நட்டம். பின்னது நமக்கு ஆபத்து. சட்டம் சொல்வது இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது: வியாபாரத்துக்குப் பயன்படும் பங்கை மட்டும், நியாயமாகப் பிரித்து, ஆதாரத்தோடு கழித்துக்கொள்ளலாம். இதை நம் உறுப்பினர்கள் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இக்கட்டுரை.

முதலில் ஒரு குறிப்பு. இங்கே நாம் சொல்லும் பிரிவு எண்கள் 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின்படியானவை. 2025-26 நிதியாண்டு வருமானம் வரை அதுவே பொருந்தும். 2026 ஏப்ரல் 1 முதல் ஈட்டும் வருமானத்துக்கு 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் பொருந்தும். அதில் பிரிவு எண்கள் மாறியிருக்கின்றன. வியாபாரச் செலவைக் கழிக்கும் அடிப்படை மாறவில்லை.

சம்பளக்காரருக்கு இல்லாத சலுகை

2020-இல் கொரோனா வந்தபோது சென்னைக் கம்பெனிகளில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் பலர் ஊருக்கு வந்து வீட்டிலிருந்தே வேலை பார்த்தார்கள். மேஜை வாங்கினார்கள், இணைய இணைப்பு வாங்கினார்கள், மின் கட்டணமும் கூடியது. இதற்கெல்லாம் வரியில் கழிவு உண்டா என்று கேட்டார்கள். நம் நாட்டில் சம்பளக்காரருக்கு அப்படித் தனிக் கழிவு கிடையாது. நிலையான கழிவு என்று ஒரு தொகை மட்டுமே உண்டு. பழைய வரி முறையில் அது 50,000 ரூபாய். புதிய முறையில் 2024-25 நிதியாண்டு முதல் 75,000 ரூபாய்.

வெளிநாடுகளில் வேறு வழிகளைக் கையாளுகிறார்கள். கனடா 2020-ஆம் ஆண்டுக்கு, வீட்டிலிருந்து வேலை செய்த நாள் ஒன்றுக்கு 2 டாலர் என்று கழிவு கொடுத்தது. ஆஸ்திரேலியாவில் 2024-25 முதல் மணிக்கு 70 சென்ட் என்று கணக்கு. அமெரிக்காவில் சம்பளக்காரருக்கு இந்தக் கழிவு 2018 முதல் இல்லை. சொந்தத் தொழில் செய்வோர் மட்டும் வீட்டில் தொழிலுக்கென்றே ஒதுக்கிய இடத்துக்குச் சதுர அடிக்கு 5 டாலர் வீதம், 300 சதுர அடி வரை, எளிய முறையில் கழித்துக்கொள்ளலாம்.

நம் சட்டத்தில் அப்படிச் சதுர அடிக்கு இவ்வளவு என்ற கட்டுத்தொகை இல்லை. ஆனால் சொந்தமாக வியாபாரம் செய்கிற நமக்கு, சம்பளக்காரருக்கு இல்லாத ஒரு வழி இருக்கிறது. உண்மையில் ஆன செலவில் வியாபாரப் பங்கைக் கழிக்கலாம். இதற்கு 30 முதல் 38 வரையிலான பிரிவுகள் இடம் தருகின்றன. அவற்றுள் 38-ஆவது பிரிவு வீடும் கடையும் ஒரே கட்டடத்தில் இருப்போருக்காகவே எழுதப்பட்டது போன்றது. கட்டடத்தில் ஒரு பகுதி குடியிருப்பாக இருந்தால், வாடகையானாலும் பழுது பார்த்த செலவானாலும் தேய்மானமானாலும் வியாபாரத்துக்குரிய பங்கு மட்டுமே கழிக்கப்படும் என்கிறது அது.

இன்னொன்றையும் மனதில் வைக்க வேண்டும். புதிய வரி முறையில் ஆயுள் காப்பீடு, பிள்ளைகள் பள்ளிக் கட்டணம் முதலிய கழிவுகள் போய்விட்டன. அதனால் எந்தக் கழிவுமே இல்லை என்று பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அது சரியல்ல. வியாபாரச் செலவுக் கழிவு புதிய முறையிலும் உண்டு. குறிப்பாக, சொந்தக் குடியிருப்புக்கு வாங்கிய வீட்டுக்கடன் வட்டிக்குப் புதிய முறையில் கழிவு இல்லை. ஆனால் அதே கடனில் கடைப் பகுதிக்குரிய வட்டி வியாபாரச் செலவு. அது கழியும்.

முதலில் நமக்கு இது தேவைதானா?

எல்லோரும் இந்தக் கணக்கில் இறங்க வேண்டியதில்லை. 44ஏ.டி. பிரிவின்படி உத்தேச லாபம் காட்டுகிறவர்கள் விற்பனையில் 8 சதவீதத்தை லாபமாகக் காட்டினால் போதும். வங்கி வழியாகவோ யு.பி.ஐ. வழியாகவோ வந்த தொகைக்கு 6 சதவீதம். ஆண்டு விற்பனை 2 கோடி ரூபாய் வரை இம்முறையைக் கையாளலாம். ரொக்க வரவு 5 சதவீதத்துக்கு மேற்படாதவர்களுக்கு 3 கோடி வரை. இதில் எல்லாச் செலவும் ஏற்கெனவே கழிக்கப்பட்டுவிட்டதாகச் சட்டம் கருதுகிறது. ஆகவே உத்தேச லாபமும் காட்டிவிட்டு, வீட்டுப் பங்கையும் தனியாகக் கழிக்க முடியாது.

2025-26 நிதியாண்டில் புதிய முறையில் 12 லட்சம் ரூபாய் வரை வருமானம் உள்ளவருக்கு வரித் தள்ளுபடி உண்டு. ஒன்றரைக் கோடி விற்பனையில் 8 சதவீதம் 12 லட்சம். ஆகவே வேறு வருமானம் இல்லாத ஒரு சில்லறை மளிகைக்காரர் ஒன்றரைக் கோடி வரை விற்றாலும் உத்தேச லாபம் காட்டினால் வரி வராது. அவர் சதுர அடியை அளந்துகொண்டு சிரமப்பட வேண்டியதில்லை.

மொத்த வியாபாரிக்கு நிலைமை வேறு. அரிசி, சர்க்கரை, எண்ணெய் மொத்தமாக விற்பவருக்கு நூற்றுக்கு இரண்டு மூன்று நின்றாலே பெரிது. 2 கோடி விற்பனையில் 3 சதவீதம் நின்றால் 6 லட்சம் லாபம். அதே விற்பனையை உத்தேச முறையில் 8 சதவீதம் என்று காட்டினால் 16 லட்சம். அதற்குப் புதிய முறையில் வரி 1,20,000 ரூபாய். 4 சதவீதத் தீர்வையும் சேர்த்தால் 1,24,800 ரூபாய். கல்லாவுக்கு வராத லாபத்துக்கு வரி கட்டியதாகிவிடும். நம்மிடம் சரக்கெடுக்கும் ஒரு வியாபாரி சில்லறையிலிருந்து மொத்தத்துக்கு மாறிய பிறகும் இரண்டு மூன்று ஆண்டுகள் இப்படியே கட்டி வந்தார். கணக்கு எழுதச் சோம்பல் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை.

இப்படிப்பட்டவர் முறையாகக் கணக்கு எழுதி உண்மை லாபத்தைக் காட்ட வேண்டும். விற்பனை 1 கோடியைத் தாண்டினால் தணிக்கை தேவைப்படும். ரொக்க வரவும் ரொக்கப் பட்டுவாடாவும் தனித்தனியே 5 சதவீதத்துக்கு உட்பட்டிருந்தால் 10 கோடி வரை தணிக்கை வேண்டாம். ஆனால் ஒரு எச்சரிக்கை. உத்தேச முறையில் இருந்துவிட்டு ஐந்தாண்டுக்குள் விலகினால், அடுத்த ஐந்தாண்டுக்கு அதற்குத் திரும்ப முடியாது. அந்த ஆண்டுகளில் வருமானம் அடிப்படை விலக்கு வரம்பைத் தாண்டினால் விற்பனை எவ்வளவானாலும் தணிக்கையும் செய்தாக வேண்டும். ஆகவே ஒரு ஆண்டு லாபத்தை மட்டும் பார்த்து மாறக் கூடாது. ஆடிட்டரோடு உட்கார்ந்து பேசி முடிவெடுக்க வேண்டும். கமிஷன் மண்டி நடத்துவோருக்கு உத்தேச முறையே கிடையாது. அவர்கள் தொடக்கம் முதலே கணக்கு எழுத வேண்டியவர்கள்.

அளந்து பிரிப்பது எப்படி?

கணக்கு எழுதுகிறவர் செய்ய வேண்டிய முதல் வேலை டேப்பை எடுத்து வீட்டை அளப்பது. கடை எத்தனை சதுர அடி, சரக்கு அறை எத்தனை, குடியிருப்பு எத்தனை என்று ஒரு தாளில் வரைபடம் போட்டுத் தேதியிட்டுக் கையெழுத்திட்டு வைத்துக்கொள்ள வேண்டும். கடைக்கும் சரக்குக்கும் மட்டுமே பயன்படும் இடத்தைத்தான் வியாபாரப் பங்கில் சேர்க்க வேண்டும். இரவில் கணக்கு எழுதுகிறோம் என்பதற்காகக் கூடம் முழுவதையும் சேர்த்தால் கேள்வி வரும். அங்கேதான் குடும்பம் தொலைக்காட்சி பார்க்கிறது, விருந்தினர் படுக்கிறார்கள்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மொத்தக் கட்டடம் 1,200 சதுர அடி. கடை 360, சரக்கு அறை 120, ஆக 480. வியாபாரப் பங்கு 40 சதவீதம். சொந்தக் கட்டடம். மனை நீங்கலாகக் கட்டடத்துக்கு ஆன செலவு 12 லட்சம். இவ்வாண்டுதான் கட்டி முடித்து, ஆண்டுத் தொடக்கத்திலேயே கடை திறந்ததாக வைத்துக்கொள்வோம்.

சொத்து வரி ஆண்டுக்கு 6,000 ரூபாய். அதில் 2,400 கழியும். கட்டடக் காப்பீட்டுப் பிரீமியம் 5,000. அதில் 2,000. வீடு முழுவதற்கும் வண்ணம் பூசவும் ஒழுகலை அடைக்கவும் 30,000. அதில் 12,000. கட்டடக் கடனுக்கு இவ்வாண்டு வட்டி 70,000. அதில் 28,000. தேய்மானம் 12 லட்சத்தில் 40 சதவீதமான 4,80,000-க்கு 10 சதவீதம், அதாவது 48,000. தொலைபேசி, இணைய இணைப்பு 12,000. அதில் பத்தில் ஏழு பங்கு வியாபாரப் பேச்சு என்றால் 8,400. கூட்டிப் பார்த்தால் 1,00,800 ரூபாய்.

இந்த வியாபாரிக்கு மற்றச் செலவெல்லாம் போக லாபம் 12,90,000 ரூபாய் என்றால், வீட்டுப் பங்கை எழுதாமல் விட்டால் வரி 73,500, தீர்வையோடு 76,440 ரூபாய். எழுதினால் வருமானம் 11,89,200 ஆகிறது. தள்ளுபடி வரம்புக்குள் வந்துவிடுவதால் வரி இல்லை. அளந்து எழுதிய ஒரு தாளுக்கு 76,440 ரூபாய் மதிப்பு. எல்லோருக்கும் இப்படி அமையாது. வரம்பை ஒட்டி இருப்போருக்கு இது பெரிய தொகை என்பதையே நாம் சுட்டிக்காட்டுகிறோம்.

தேய்மானத்தில் ஒரு நுட்பம் உண்டு. கட்டடப் பரப்பில் மூன்றில் இரண்டு பங்கோ அதற்கு மேலோ குடியிருப்பாக இருந்தால் அது குடியிருப்புக் கட்டடம். தேய்மானம் 5 சதவீதம். குடியிருப்பு அதற்குக் குறைந்தால் 10 சதவீதம். மேலே சொன்ன கணக்கில் குடியிருப்பு 60 சதவீதம் என்பதால் 10 சதவீதம் கிடைத்தது. மனைக்குத் தேய்மானம் இல்லை. பல ஆண்டு குடியிருந்த வீட்டின் முன்பகுதியை இப்போது கடையாக்கினால், கட்டிய நாள் முதல் தேய்மானம் கழித்து வந்தது போல் கணக்கிட்டு, எஞ்சிய மதிப்பிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

வாடகை வீட்டில் இருப்போர் வாடகையை இதே விகிதத்தில் பிரிக்கலாம். ஒப்பந்தத்தில் கடைக்கும் குடியிருப்புக்கும் உரிய தொகையைத் தனித்தனியே எழுதிக்கொண்டால் வழக்கே இல்லை. கடைக்கு மட்டும் ஆன செலவு, உதாரணமாக ஷட்டர் பழுது, கல்லா மேஜை, தராசுப் பழுது ஆகியவற்றைப் பிரிக்க வேண்டியதில்லை; முழுவதும் வியாபாரக் கணக்கு. இதில் பழுது பார்த்ததை அந்த ஆண்டே கழிக்கலாம். புதிதாக வாங்கிய மேஜை, தராசு, கம்ப்யூட்டர், புதிதாகக் கட்டிய அறை ஆகியவை முதலீடு, தேய்மானமாகத்தான் கழியும்.

கழிக்கக் கூடாதவை

சொந்தக் கட்டடத்தில் கடை வைத்திருப்பவர், வெளியாளுக்கு விட்டிருந்தால் இவ்வளவு வாடகை வந்திருக்கும் என்று ஒரு தொகையைச் செலவெழுதக் கூடாது. தனக்குத் தானே வாடகை கொடுக்க முடியாது. அதுபோலவே தனி உரிமையாளர் தனக்குத் தானே சம்பளம் எழுதவும் முடியாது.

மனைவி பெயரில் உள்ள வீட்டுக்கு வாடகை கொடுப்பதாக எழுதுவோர் உண்டு. வீடு அவர் சொந்தப் பணத்தில் வாங்கியதோ தாய்வீட்டுச் சீரோ என்றால் நியாயமான வாடகை கொடுக்கலாம். அவர் அதைத் தம் வருமானமாகக் காட்ட வேண்டும். கணவன் பணத்தில் வாங்கி மனைவி பெயரில் எழுதிய வீடு என்றால் அந்த வருமானம் கணவனுடையதாகவே சேரும். ஊர் வாடகைக்கு மேல் எழுதினால் மிகுதியை ஏற்க மாட்டார்கள். இதில் இன்னொரு சங்கதியும் உண்டு. 2024 அக்டோபர் 10 முதல், ஜி.எஸ்.டி. பதிவில்லாதவரிடம் கடைக் கட்டடத்தை வாடகைக்கு எடுக்கும் பதிவு பெற்ற வியாபாரி அந்த வாடகைக்கு 18 சதவீத வரியைத் தாமே கட்ட வேண்டும். இணக்க வரித் திட்டத்தில் உள்ளோருக்கு மட்டும் இதிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டுள்ளது.

கடையிலிருந்து அடுப்படிக்குப் போகும் சரக்கை நாம் பெரும்பாலும் எழுதுவதில்லை. துவரம்பருப்பும் எண்ணெயும் சோப்பும் எடுத்துக் கொடுத்துவிட்டு மறந்துவிடுகிறோம். அதை அடக்க விலையில் சொந்தப் பற்றாக எழுத வேண்டும். சொந்த உபயோகத்துக்கு எடுத்த சரக்குக்கு ஜி.எஸ்.டி. உள்ளீட்டு வரி வரவும் கிடையாது. வீட்டுச் செலவில் கடைப் பங்கைக் கேட்கும் நாம், கடைச் சரக்கில் வீட்டுப் பங்கையும் ஒப்புக்கொள்வதே முறை.

ரொக்கமாக ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் கொடுத்த செலவு 40ஏ(3) பிரிவின்படி கழியாது. லாரி வாடகைக்கு மட்டும் இந்த வரம்பு 35,000. கொத்தனாருக்கும் பெயிண்டருக்கும் மொத்தமாக ரொக்கம் கொடுத்துவிட்டுப் பிறகு வருந்திப் பயனில்லை.

ஒரு அலுவலகத்துக்கு வீடு, இன்னொரு அலுவலகத்துக்குக் கடையா?

இக்கட்டுரையில் நம் உறுப்பினர்கள் மிக முக்கியமாகக் கவனிக்க வேண்டியது இதுதான்.

வீட்டு மின் இணைப்பில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். கடைக்கு அது கிடையாது, வணிகக் கட்டணம். இந்த வித்தியாசத்தை எண்ணி, வீட்டு இணைப்பிலிருந்தே கடைக்கு ஒயர் இழுத்துக்கொண்டு விளக்கும் குளிர்சாதனப் பெட்டியும் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-ஆவது பிரிவின்படி இது அனுமதியற்ற பயன்பாடு. கண்டுபிடித்தால் உரிய கட்டணத்தைப் போல் இரண்டு மடங்கு விதிப்பார்கள். எப்போது தொடங்கியது என்று தெரியாவிட்டால் சோதனைக்கு முந்தைய 12 மாதங்களுக்கும் விதிப்பார்கள். காஞ்சிபுரம் நெசவாளர் வீட்டில் ஓடும் கைத்தறிக்கு வீட்டுக் கட்டணமே உண்டு. அதைப் பார்த்து, வீட்டுக்குள் இருக்கும் கடைக்கும் அப்படித்தான் என்று நினைத்துவிடலாகாது.

வருமான வரிக் கணக்கில் வீட்டில் 40 சதவீதம் கடை என்று எழுதிவிட்டு, மின் இணைப்பு முழுவதும் வீடு, பேரூராட்சி சொத்து வரியிலும் முழுவதும் வீடு என்று வைத்திருந்தால் நம் கணக்கே நமக்கு எதிரான சாட்சியாகிவிடும். சரக்கு அறையை ஜி.எஸ்.டி. பதிவில் வியாபார இடமாகக் காட்டாமல் அங்கே மூட்டை அடுக்கியிருந்தாலும் இதே நிலைதான். உணவுப் பாதுகாப்புப் பதிவிலும் அதே முகவரி இருக்க வேண்டும்.

ஆகவே கழிவு கேட்பதற்கு முன் கடைக்குத் தனி மீட்டர் வாங்கிவிட வேண்டும். பிறகு அந்த மீட்டர் கட்டணம் முழுவதும் பிரிக்காமலே செலவாகிவிடும். சொத்து வரியில் கடைப் பகுதியை வணிக உபயோகமாக மாற்றினால் வரி சற்று உயரும். அந்தப் பகுதிக்குரிய வரியும் முழுவதும் கழியும். ஆனால் சொத்து வரியை உரிய காலத்தில் கட்டி ரசீது வாங்கியிருக்க வேண்டும். கட்டாத வரியைக் கழிக்க முடியாது. மின்சாரத்துக்குக் கட்டிய அபராதமும் கழியாது. சட்டத்தை மீறியதற்காகச் செலுத்தும் தொகை வியாபாரச் செலவாகாது என்று 37-ஆவது பிரிவிலேயே இருக்கிறது.

கூடுதலாகச் செலவெழுதி வருமானத்தைக் குறைத்துக் காட்டியது தெரிந்தால் 270ஏ பிரிவின்படி குறைத்த வரியில் 50 சதவீதம் அபராதம். பொய்க் கணக்கு என்று முடிவானால் 200 சதவீதம். 10,000 ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் 20,000 அபராதமும், அதற்கு மேல் அந்த 10,000-மும் வட்டியும் கட்ட நேரும்.

ரசீதும் பேரேடும்

நம் ஊர் வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டுகளை உலகமே வந்து பார்க்கிறது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்டவை. குடவோலை முறையைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். வாரியத்துக்குப் பெயர் எழுதப்படுவதற்கு அதில் சொல்லப்பட்ட தகுதிகளில், வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும், சொந்த மனையில் கட்டிய வீட்டில் குடியிருக்க வேண்டும் என்பவை உண்டு. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கும் அவருடைய நெருங்கிய உறவினருக்கும் இடமில்லை என்றும் இருக்கிறது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே கணக்குக் காட்டாதவனை ஒதுக்கி வைத்த ஊரில் நாம் வியாபாரம் செய்கிறோம்.

வைத்திருக்க வேண்டிய காகிதங்கள் அதிகமில்லை. அளவு காட்டும் வரைபடம், கட்டடச் செலவு பில்கள், பத்திர நகல், சொத்து வரி ரசீதுகள், மின் கட்டண ரசீதுகள், கடன் வட்டிக்கு வங்கி தரும் சான்று, பழுது வேலைக்குக் கொத்தனாரும் பெயிண்டரும் கொடுத்த கையெழுத்திட்ட பில், பணம் வங்கி வழியாகப் போனதற்கான ஆதாரம் இவையே போதும். ஜி.எஸ்.டி. கணக்குகளை, ஆண்டறிக்கைக்கு உரிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் காக்க வேண்டும் என்பது சட்டம். கட்டடம் சம்பந்தமான பில்களை மட்டும் கட்டடம் நம் கையில் உள்ளவரை பத்திரத்தோடு சேர்த்தே வைக்க வேண்டும்.

காரணம் இருக்கிறது. தேய்மானம் கழித்து வந்த கடைப் பகுதியை ஒரு நாள் விற்கும்போது, கழித்தது போக எஞ்சிய மதிப்புக்கு மேல் கிடைப்பது குறுகிய கால மூலதன ஆதாயமாகக் கருதப்படும். எத்தனை ஆண்டு வைத்திருந்தாலும் அப்படித்தான். வீடு விற்று வீடு வாங்கினால் கிடைக்கும் 54-ஆவது பிரிவு விலக்கு குடியிருப்புப் பகுதிக்குத்தான், கடைப் பகுதிக்கு இல்லை. உத்தேச லாபம் காட்டி வந்தவருக்கும் தேய்மானம் கழிக்கப்பட்டதாகவே வைத்துக் கணக்கிடுவார்கள். இன்று கழிப்பது நாளை விற்கும்போது ஓரளவு திரும்பி வரும் என்பதைத் தெரிந்துகொண்டே கழிக்க வேண்டும். சில ஆண்டுகளில் ஊரைவிட்டுப் போக எண்ணியிருப்பவர் இதை ஆடிட்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

பாகப் பிரிவினைக்கும் இந்தக் காகிதங்களே துணை. தகப்பனார் காலத்தில் ஒரே கட்டடத்தில் கடையும் வீடுமாக இருந்தது. அவருக்குப் பின் ஒரு மகன் கடையைப் பார்க்கிறான், இன்னொரு மகன் வெளியூரில் சம்பளத்தில் இருக்கிறான், மகளும் பங்குக்குரியவள். கடை எவ்வளவு இடம், அதற்கு யார் செலவு செய்தது, கடன் எதற்கு வாங்கியது என்று எழுத்தில் இருந்தால் பேச்சு அரை நாளில் முடியும். இல்லாவிட்டால் உடன்பிறந்தவர்கள் ஒருவர் வீட்டு விசேஷத்துக்கு ஒருவர் போகாத நிலை வந்துவிடுகிறது. வரிக்காக எழுதும் கணக்கு குடும்பத்துக்கும் உதவுகிறது என்பதைப் பல வீடுகளில் நாம் கண்டிருக்கிறோம்.

உறுப்பினர்கள் செய்ய வேண்டியவை

சுருக்கமாகச் சொன்னால், முதலில் நம் விற்பனையையும் உண்மை லாப விகிதத்தையும் பார்த்து உத்தேச முறையா, கணக்கு முறையா என்று முடிவு செய்ய வேண்டும். கணக்கு முறை என்றால் கட்டடத்தை அளந்து பங்கை எழுத வேண்டும். அந்தப் பங்கை ஆண்டுக்கு ஆண்டு காரணமில்லாமல் மாற்றக் கூடாது. மீட்டர், சொத்து வரி, ஜி.எஸ்.டி. பதிவு மூன்றிலும் கடை கடையாகவே இருக்கும்படி சரிசெய்துகொள்ள வேண்டும். அதன் பிறகு கழிவைத் தயக்கமில்லாமல் கேட்கலாம். அது சலுகையாகக் கிடைப்பதல்ல, சட்டம் நமக்குக் கொடுத்த உரிமை.

புதிய சட்டம் நடைமுறைக்கு வரும் இத்தருணத்தில் பழைய பழக்கத்தையும் மாற்றிக்கொள்வது எளிது. புதுக் கணக்கின் முதல் பக்கத்தில் மஞ்சள் தடவிப் பிள்ளையார் சுழி போடுகிறோம். அதற்கு அடுத்த பக்கத்தில் நம் கடையின் நீள அகலத்தையும் எழுதி வைப்போம். சந்தேகம் உள்ள உறுப்பினர்கள் தம் ஆடிட்டரிடம் கேட்டுத் தெளிந்து, தெரிந்ததைப் பக்கத்துக் கடைக்காரருக்கும் சொல்லும்படி அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.